ஓரகத்தியின் கல்லீரல்

என் ஓரகத்தியின் கல்லீரல் என் வயிற்றில் குடியேறியபோது எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி, மோகனப்பிரியா அக்கா. கம்பத்தில் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே திராட்சைத் தோட்டம். வீடுகள் மட்டும் எதிரெதிரே. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் தோட்டத்துக்குப் போவார்கள். நாங்கள் இருவரும் வாசல் தெளிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க நல்ல பயிற்சி எடுத்திருந்தோம்.

சண்டைக்குக் காரணம் ஒரு புடவை. அக்கா மகன் கல்யாணத்தில் ஓரகத்திகள் இருவரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று அவரே எடுத்து வந்தார். தனக்குக் கிளிப்பச்சை, எனக்கு மண் நிறம். கடையில் பச்சை ஒன்றுதான் இருந்தது என்றார். அப்படியானால் அந்தப் பச்சையை எனக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். நான் கேட்டதில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. காப்பியைத் தவிர எதையும் தொடாதவர். கொழுப்பு சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகியிருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னாராம். அதைத்தானே நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் கணவர் தினகர் எதற்கும் சிரிப்பவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

இந்தக் காலத்தில் உறுப்புக்காக யாரும் வரிசையில் காத்துக் கிடப்பதில்லை. நோயாளியின் கல்லீரலிலிருந்தே எலுமிச்சை அளவு ஒரு துண்டை எடுத்து, பழுதை நீக்கி, வளர்த்து, திரும்ப வைத்துவிடுகிறார்கள். எங்கே வளர்க்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். டாக்டர் ஆயிஷா பர்வீன் இரண்டு குடும்பத்தையும் மதுரைக்கு வரச் சொன்னார். உத்தமபாளையத்துக்காரர், பேச்சில் எங்கள் ஊர் வாசனை அடிக்கும். மேசைக் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"கல்லீரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது. இதயத்துலேருந்து தமனி வழியா நேரா வர்றது கால்வாசிதான். மிச்சம் முக்கால்வாசி குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் எல்லாத்தையும் சுத்திட்டு வர்ற ரத்தம். அந்தக் குழாய்க்குப் போர்ட்டல் சிரைன்னு பேரு. நீங்க தின்ன இட்லி கரைஞ்சு மொதல்ல அந்த வழியாத்தான் போகும். கல்லீரல் வாங்கிப் பாத்துட்டுத்தான் மத்த ஒடம்புக்கு விடும்."

மிஷினில் வைத்து வளர்க்க முடியாதா என்று மூத்தார் கேட்டார். மூத்தார் நவநீதன், அக்காவின் கணவர், அதிர்ந்து பேசாத மனிதர். மிஷினில் வளரும், ஆனால் வேலை தெரியாது என்றார் டாக்டர். சாப்பாடு கரைந்து வரும் ரத்தம் தினமும் கிடைத்தால்தான் கல்லீரல் தன் தொழிலைக் கற்றுக்கொள்ளுமாம். அக்கா வயிற்றிலேயே வைக்கலாம் என்றால், அங்கே போர்ட்டல் சிரையில் ரத்தம் ஓட முடியாமல் எதிர்த்து நிற்கிறது. ஆகவே இன்னொருவர் வயிற்றில் மூன்று மாதம் குடிவைக்க வேண்டும். இரத்த வகை, சொந்தம் எதுவும் தேவையில்லை. ஒரு ஊசி போட்டால் உடம்பு அதை வேற்று ஆளாகப் பார்க்காது. தேவை ஒன்றே ஒன்று, உபரியாக ஒரு தமனி.

பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலின் தமனி மேலே ஒரே தண்டிலிருந்து பிரிகிறது. இரைப்பையும் மண்ணீரலும் அதே தண்டில்தான் பங்குக்கு நிற்கின்றன. சிலருக்கு மட்டும் கீழே குடலுக்குப் போகும் தமனியிலிருந்து இன்னொரு கிளை ஏறி வந்து கல்லீரலைத் தொடுமாம். அப்படிப்பட்டவர்களிடம் அந்தக் கிளையை விருந்தாளிக்கு ஒதுக்கலாம். குடும்பத்தில் எல்லோரையும் ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் கிளை இருந்தது எனக்கு மட்டும்தான்.

அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை, என் எதிரிலேயே மூத்தாரிடம் சொன்னார். "அவ வயித்துல போயி என்னோடதா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் டாக்டரைப் பார்த்து, எப்போது ஆஸ்பத்திரியில் வந்து சேர வேண்டும் என்று கேட்டேன். கோபத்தில் ஒத்துக்கொண்டேன் என்றுதான் ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கோபம்தான். ஆனால் வண்டியில் திரும்பும்போது முன்சீட்டில் அக்காவின் பின்கழுத்தைப் பார்த்தேன், எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் நான் பேசவில்லை.

மூத்தார் பேசிப் பேசி அக்காவைச் சம்மதிக்க வைத்தார். சட்டம் ஒன்றும் இருந்தது. குடிவைத்த உறுப்பு என்றைக்கும் அதன் சொந்தக்காரருக்கே உரியது. அவர் கேட்கும்போது சுமக்கிறவர் தர மறுக்கக் கூடாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் சிலர் வயிற்றில் வைத்துக்கொண்டு விலை பேசினார்களாம். நான் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். ஓரகத்தி சொத்தை அமுக்கிக்கொள்ளும் புத்தி எனக்கு இல்லை.

என் கல்லீரலுக்கு அடியில், பெருங்குடல் வளையும் இடத்தில் அதை வைத்தார்கள். வைத்த நாலாம் நாள் அக்கா என் கட்டிலருகே வந்து நின்றார். சுகமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். "எண்ணெயக் கம்மியாச் சேத்துக்க. உள்ள இருக்கறது என்னோடது" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். எனக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சிறு கருவியைக் கொடுத்தார். வண்டிச் சாவி அளவு, நடுவில் ஒரு திருகு. என் போர்ட்டல் சிரையிலிருந்து விருந்தாளிக்குப் போகும் கிளையில் ஒரு வளையம் மாட்டியிருந்தார்கள். கருவியைத் திருகினால், உடம்பைத் தொடாமலே, அது இறுகும் அல்லது தளரும். சாப்பிட்டதும் குடலிலிருந்து ரத்தம் வெள்ளமாக வரும், அப்போது வளையத்தை இறுக்கிவிட வேண்டும், முதல் ஒரு மணி நேரம் உங்கள் கல்லீரலுக்கே எல்லாம் போகட்டும், பிறகு தளர்த்துங்கள் என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்குச் சாவி என்று பெயர் வைத்து, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

முதல் இரண்டு நாள் சொன்னபடி செய்தேன். மூன்றாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரி முதலில் கை நனைக்க மாட்டாள். வந்தவள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் மீதியில் அவள் பாடு முடியும். அதுவும் வந்திருப்பது யார்? என்னோடு பேசாமல் இருந்தவர். நாளைக்கு, என் கல்லீரலைப் பட்டினி போட்டுவிட்டாள் என்று ஒரு சொல் வந்தால் நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதே வளையத்தை முழுதாகத் தளர்த்தினேன். முதல் வெள்ளம் விருந்தாளிக்கு. அது தின்று முடித்த பிறகு எனக்கு. டாக்டர் படித்தவர்தான், ஆனால் அவருக்கு ஓரகத்தி இல்லை.

இரண்டாம் வாரம் அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தன் பொருளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறாராம். சமையலறை கைமாறியது. பாகற்காய், கீரைத்தண்டு, எண்ணெய் இல்லாத தோசை. நான் முகம் சுளித்தால், "ஒனக்கு யாரு போட்டா? அதுக்குப் போட்டேன்" என்பார். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் என் வயிற்றைப் பார்த்து, "தூங்குனியா?" என்று கேட்பார். கொஞ்ச நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு அதன் சார்பில் நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நேற்று உப்புமா பிடிக்கவில்லையாம் என்பேன். அதுக்கு நாக்கு ஏதுடி என்பார். தினகர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் சண்டையே பரவாயில்லை, வீடு அமைதியாக இருந்தது என்றார்.

சமைத்தபடி அவர் பேசுவார். மூத்தாரின் குறட்டை, மருமகளின் போன் பேச்சு, பன்னீர் திராட்சைக்கு இந்த வருடம் வந்த செவட்டை நோய், எல்லாம் வரும். அந்தப் புடவைப் பேச்சும் ஒரு நாள் வந்தது. பச்சை எனக்கு எடுப்பாக இருக்கும் என்று தெரிந்தேதான் தனக்கு வைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளையின் அம்மாவான தன்னை விட்டுவிட்டு எல்லோரும் ஓரகத்தியைப் பார்ப்பார்கள் என்று பயமாம். இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொன்ன பிறகு எப்படிக் கோபப்படுவது? நான் அவருடைய கூந்தலுக்கு எண்ணெய் வைத்துவிட்டேன்.

மாதம் ஒருமுறை ஸ்கேன். முதல் இரண்டு மாதத்தில் விருந்தாளி தேங்காய் மூடி அளவுக்கு வந்துவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். எனக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மூன்றாம் மாதம் வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்பட்டது. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். எனக்குப் பதறியது, ஏனென்றால் அக்காவின் கண் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது, கால் வீங்கியது. நான் இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் ஒரு அசதி வந்து அமுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டிலில் விழுந்தால் காப்பி வாசத்தில்தான் கண் திறக்கும்.

நாலாம் மாதம் விருந்தாளி தயாராகிவிட்டது. எடுப்பதற்கு முன் வயிறு முழுவதையும் ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் எங்கள் நால்வரையும் உள்ளே கூப்பிட்டார். வழக்கமாக அவர் மேசைக் கண்ணாடியில் கோடு போடுவார், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வளையத்த எப்பத் தளர்த்துனீங்க, இலக்கியா?"

உள்ளதைச் சொன்னேன். விருந்தாளி இருக்கும்போது நான் எப்படி முதலில் சாப்பிடுவது என்றும் கேட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டார். ஒரே போர்ட்டல் சிரையில் இரண்டு கல்லீரல் இருந்தால் முதல் வெள்ளம் எதற்குப் போகிறதோ அது வளரும், மற்றது சுருங்கும். என்னுடையது சுருங்கிவிட்டது. உடம்பின் வேலை முழுவதையும் அக்காவுடையதே செய்துகொண்டிருந்ததால் ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. முழு ஸ்கேன் முன்பே எடுத்திருக்க வேண்டும், அது தன் தப்பு என்றார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்களே, அது இதுதானா என்று தினகர் முணுமுணுத்தார்.

இப்போது விருந்தாளியை எடுத்தால் மிஞ்சியிருக்கும் என்னுடையது என்னைத் தாங்காது. பாதி பாதியாக வெட்டலாம் என்றால், அதற்கு இருப்பது ஒரே தமனி. வெட்டினால் ஒரு பாதிக்கு ரத்தம் போக வழி இல்லை. வளையத்தை இறுக்கிவைத்தால் என்னுடையது திரும்ப வளரும். அதற்கு நாலைந்து மாதம் ஆகும். அக்காவுக்கு இருப்பது சில வாரம். இன்னொன்றும் சொன்னார். "இவ்வளவாவது எப்படி மிஞ்சுச்சுன்னுதான் எனக்குப் புரியல. நீங்க சொல்றபடி பாத்தா ஒங்களுது காஞ்சே போயிருக்கணும்."

சட்டப்படி அக்கா கேட்டால் நான் கொடுக்க வேண்டும். மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார். தினகர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அந்த அண்ணன் தம்பி இருவரும் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரையொருவர் அப்படிப் பார்க்காமல் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் முதலில் சொன்னேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பயந்துகொண்டேதான் சொன்னேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு அவர் சாவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அந்தத் தெருவில் குடியிருப்பேன்? அக்கா ஒரே வார்த்தையில் வாயை மூடச் சொன்னார். தனக்கு வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றார். நான் விடவில்லை. மூன்று வருடம் பேசாமல் சேர்த்துவைத்த சண்டையை எல்லாம் நாங்கள் டாக்டர் அறையில் போட்டோம். நர்ஸ் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கடைசியில் அக்காதான் அலுத்துப்போய் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"என்னோடத அவளே வெச்சுக்கட்டும். வெறுங்கையோட போகச் சொல்றதுதான் அவளுக்குக் கஷ்டமா இருக்குன்னா, அந்தச் சுருங்குனத எனக்குக் குடுங்க. பெருசக் குடுத்துட்டுச் சின்னத வாங்கிட்டுப் போறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதை நானாகச் சொல்ல முடியாது, நீங்களே கேட்டால்தான் யோசிக்கலாம் என்று காத்திருந்தேன் என்றார். சுருங்கியது சாகவில்லை, பசியில் கிடக்கிறது. அக்காவின் பழைய கல்லீரலில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவைத்தால், கெட்டுப்போனது என்றாலும் ஓரளவு தாங்கும். அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்து, போர்ட்டல் ரத்தத்தை அதன் பக்கம் திருப்பினால் அது வளரும்; எலுமிச்சை அளவுத் துண்டு தாங்காத அந்த எதிர்ப்பை வளர்ந்த கல்லீரல் தாங்குமாம். சில வாரம் நெருக்கடியாக இருக்கும். அந்தச் சில வாரம் தாங்குமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தன் உறுப்பை என்னிடமே விட்டுவிடுவதாக அக்கா கையெழுத்துப் போட்டார். நான் என்னுடையதைத் தருவதாகப் போட்டேன். இரண்டும் செல்லுமா என்று ஆஸ்பத்திரி வக்கீலுக்கே தெரியவில்லை. அடுத்த நாள் காலை எங்களை அடுத்தடுத்த அறைகளில் படுக்கவைத்தார்கள். போகும்போது அக்கா என் கன்னத்தைத் தட்டி, உருப்படியாக இருக்கும் ஒன்றைக் கொடு என்றார்.

நான் சீக்கிரம் தேறிவிட்டேன். என் வயிற்றில் இருந்தது தேறிய கல்லீரல் அல்லவா? அக்காவுக்கு முதல் வாரம் மோசமாகப் போனது. நினைவு தப்பித் தப்பி வந்தது. மூத்தார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தினகர் சாப்பாடு ஊட்டாத குறை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று, என்னுடையதைத் திட்டினேன். வளர்ந்து தொலையேன், வயிறார ரத்தம் வருகிறது இல்லையா என்று கெஞ்சினேன். அவர் போய்விட்டால் எதிர்வீட்டு வாசலை நான் எப்படித் தினமும் பார்ப்பேன் என்று அதனிடமே கேட்டேன். இவ்வளவு பிரியம் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அவருடைய கண்ணில் வெள்ளை தெரிந்தது. என்னுடையது இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மறுபடியும், அதில் அவ்வளவு உயிர் எப்படி மிஞ்சியது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை என்றார். கதவு மூடியதும் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் சாப்புட்டு நீ விழுந்து தூங்குவேல்ல. கொறட்ட வந்ததும் சாவிய எடுத்து என்னோட பக்கத்த அடைச்சிருவேன். காப்பி போடறப்ப மறுபடி தெறந்து வெச்சிருவேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மூன்றாம் மாதம் வளர்ச்சி மட்டுப்பட்டது நினைவுக்கு வந்தது. கண் மஞ்சளாகிக்கொண்டே போனதும், தள்ளிப்போன அந்த ஒரு மாதமும் நினைவுக்கு வந்தன.

"ஒங்களுக்குத்தானேக்கா நாள் போயிட்டிருந்துச்சு? ஏன் அடைச்சீங்க?"

"நீ சோறு தின்னுட்டுச் சொவத்தப் புடிச்சுக்கிட்டுப் போன. அதப் பாத்துட்டு எனக்கு எப்பிடி எறங்கும்?" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "பரிமாறுறவ நிறுத்த மாட்டாடி. எலையில ஒக்காந்தவதான் கையக் குறுக்க நீட்டிப் போதும்னு சொல்லணும்" என்றார்.

அவரை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு பேர் வயிற்றிலும் தையல் இருந்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.